நுரை வராத கிணறு

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அறிவியல் சோதனை செய்துகாட்டப் போகிறவர்களுக்கு முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது பொறுமை. எனக்கு இரண்டாவது ஆரம்பத்திலிருந்தே கிடையாது. பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று வந்தவள் நான். திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்கள் எனக்கு விழுந்தன. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

சோப்புக்காரி

ஏழாம் வகுப்புக்குக் கடின நீர்ப் பாடம். ஊர்க் கிணறுகளின் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்க வேண்டும். நுரை நின்றால் நல்ல தண்ணீர்; திரிதிரியாகப் போனால் உப்பு ஏறியது. பிள்ளைகளோடு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டிலேயே கதவைப் பாதி சாத்தினார்கள். வெயிலில் நின்று முழுப் பாடத்தையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "அதெல்லாஞ் செரீங்க அம்மணி, ரெண்டு சோப்பு வாங்குனா டப்பா இனாமுங்களா?"

ஜோதியின் பாட்டில்

ஜோதி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் மட்டும் நுரையே வரவில்லை. "உங்கூட்டுத் தண்ணி மோராட்டம் இருக்குதுடி!" என்று வகுப்பே சிரித்தது. அவள் மறுநாளும் கொண்டுவந்தாள். அதேதான். கிணற்றை ஒட்டி சாயப்பட்டறைக் கழிவு ஓடுகிறது. அதே பட்டறையில்தான் அவள் அப்பா பழனிச்சாமி சாயம் முக்குகிறார்.

சனிக்கிழமை ஊர்க்காரர்கள் முன்னால் பிள்ளைகள் சோதனை செய்து காட்டுவதாக ஏற்பாடு. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக்கொடுத்தவர் பட்டறை முதலாளி. தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "எல்லாப் பாட்டிலும் வைங்கம்மா. அந்த ஒண்ணு மட்டும் கை தவறி ஒடஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கலாமா?"

மரியாதை

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என் முன்னால் ஒரு கார் நின்றது. முதலாளியேதான்.

"ஏனுங்க கண்ணு, சாப்டாச்சுங்களா?"

ஆச்சு என்று தலையாட்டினேன்.

"எங்க பட்டறையால தண்ணி வெசமாப் போச்சுன்னு சொல்றீங்களாமா?"

"வெசம்னு சொல்லலீங்க. உப்புன்னுதான் சொன்னேன். எதனாலன்னு நான் சொல்லவே இல்லீங்க."

அவர் சிரித்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நல்லதுங்க. பழனிச்சாமி தங்கமான ஆளுங்க. சனிக்கிழமைக்கப்பறமும் வேலைக்கு வந்தா எனக்குச் சந்தோசமுங்க."

சனிக்கிழமை

அதை அப்படியே பழனிச்சாமியிடம் போய்ச் சொன்னேன். வேலை அவருடையது, நான் முடிவு செய்ய முடியாது. அவர் கையில் படிந்த சாயத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். ஜோதி என்னை முறைத்தாள்.

சனிக்கிழமை மேசையில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன, ஜோதியுடையது இல்லை. முதலாளி முன்வரிசை. தலைமையாசிரியருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. கடைசிப் பாட்டிலைக் குலுக்கும்போது பழனிச்சாமி உள்ளே வந்தார், முழங்கை வரை நீலச் சாயத்தோடு. பின்னால் ஜோதி, கையில் பாட்டில். கரைசலை விட்டு அவளே குலுக்கினாள். நுரை இல்லை.

முதலாளி சிரித்த முகம் மாறாமல் கேட்டார்: "ஏப்பா பழனிச்சாமி, உங்கூட்டுக் கெணத்துத் தண்ணியா?"

"இல்லீங்க மொதலாளி. எங்கூட்டுது வேண்டாம்னு சொன்னீங்களாமா, அதான் நீங்க குடிக்கிற தோட்டத்துக் கெணத்துல மோந்துட்டு வந்துட்டனுங்க."

திங்கட்கிழமை பழனிச்சாமிக்கு வேலை இல்லை, முதலாளி வீட்டுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது, நான் 'சோதனை வெற்றி' என்று ரிப்போர்ட் எழுத வேண்டுமாம்.