சாகிற வேசம்

"படிச்ச பிள்ளை எண்டு பேர். செத்தமாதிரிப் படுக்க ஒரு கிழவனைத் தேடி ஊரெல்லாம் அலையிறாய். இதெல்லாம் ஒரு படிப்போ மனே?"

என் மேசையில் இவ்வளவு காலமும் கிடந்த குங்குமம் பூசிய கடித உறையைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவின் இந்தக் கேள்விதான் முதலில் காதில் விழும். மொன்ட்ரியாலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் எங்கள் குசினியில் நின்று தேத்தண்ணி குடித்தபடி அவர் கேட்டது அது. நான் அப்போது சினிமாப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆளும் நானே. அதை எழுதும்போது இப்போதும் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. பட்டம் வாங்க ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்கவேண்டும். தனியே வாழும் ஒரு கிழவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தினமும் சோறு கொண்டுபோகிறாள், ஒருநாள் அவள் கண்ணெதிரே அவர் இறந்துபோகிறார், அவ்வளவுதான் கதை. அந்தப் பெண்ணாக நடிக்க அம்மா ஒத்துக்கொண்டார். கிழவர்தான் கிடைக்கவில்லை.

முதலில் மாமாவைத்தான் கேட்டேன். "உயிரோட இருக்கிறவனைப் பாடையில ஏத்தப் பாக்கிறாய்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கோயிலில் தெரிந்த பெரியவர்களும் மறுத்தார்கள், தேவாலயத்தில் தெரிந்தவர்களும் மறுத்தார்கள். இந்த விசயத்தில் சைவம், கிறிஸ்தவம் என்ற வேறுபாடே இருக்கவில்லை. "ராசா வேசம் எண்டாச் சொல்லு பிள்ளை, வாறன்" என்றார் ஒருவர்.

வழி காட்டியது அம்மாதான். மட்டக்களப்பில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மா, இங்கே மொன்ட்ரியால்-நோரில் சனிக்கிழமைகளில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். "எனக்குப் பக்கத்தில ஒரு தாய்வான் ஐயா இருக்கிறார். படத்தில நடிச்சவராம். கேட்டுப் பாப்பமா மனே?" என்றார். முதல் வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரிடமும், உங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் கண்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாராம். அம்மா சொன்னது, "சாப்பிட்டாச்சா?" ஐயா தன் தாய்வான் பேச்சில் சொன்னதும் அதே கேள்விதான். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் 'பொன்ஜூர்' சொல்வதை விட்டுவிட்டார்கள். அவர் தன் மொழியில் கேட்பார், அம்மா தன் மொழியில் பதில் சொல்லுவார்.

ஐயா இரண்டு தெரு தள்ளி மகளோடு இருந்தார். நான் போன அன்று மகள் மொழிபெயர்க்க, தன் வாழ்க்கையை அவர் சாவுகளாகவே சொன்னார். இளமையில் வாள்சண்டைப் படங்கள். அரண்மனைப் படிகளில் உருண்டு உருண்டு செத்திருக்கிறார். அவர் வீட்டில் பேசியது தாய்வான் பேச்சு. பெரிய கம்பனிகள் எடுத்ததோ அரசாங்க மொழியான மண்டரினில் படங்கள். அதனால் குரலுக்கு வேறோர் ஆளை வைத்தார்கள். முதல் படம் வந்த நாளில் தாயைக் கொட்டகைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். திரையில் மகனின் வாய் அசைகிறது, யாரோ ஒருவன் நாட்டுக்காக உயிரை விடுவதாக முழங்குகிறான். தாய் இருட்டில் அவர் பக்கம் திரும்பி, "இது ஆர்?" என்று கேட்டாராம். பிறகு தொலைக்காட்சித் தொடர்களில் கண்டிப்பான அப்பா; அங்கேயும் இரவல் குரல். கடைசியில் இளைஞர்கள் சிலர் படப்பிடிப்பு இடத்திலேயே குரலைப் பதிந்து, ஊர்ப் பேச்சிலேயே படமெடுக்கத் தொடங்கினார்கள். ஐயாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர்கள் கொடுத்த வேசம், வாதம் வந்து பேச்சிழந்த தகப்பன்! அதைச் சொல்லிவிட்டுத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வயது போகப்போக, சாமித்தட்டுக்கு மேலே தொங்கும், செத்துப்போன பாட்டனின் படமாக மட்டும் அவரைக் கேட்டார்களாம்.

படத்தில் சாகிறவருக்கு, சாவின் தோசம் ஒட்டாதிருக்கச் சிவப்பு உறையில் காசு வைத்துக் கொடுப்பது அந்த ஊர்ப் படக்காரர்களின் வழக்கம். செத்து எழுந்ததும் வாய்விட்டுச் சிரிக்கவேண்டும். உறைக்குள் இருப்பதை வீட்டுக்குப் போகுமுன் செலவழித்துவிடவேண்டும். அப்பா அன்னாசிக் கேக்கோடு வந்தால் இன்றைக்கு எங்கோ செத்திருக்கிறார் என்று சின்ன வயதில் தனக்குத் தெரிந்துவிடும் என்றார் மகள்.

நடிக்கச் சம்மதம், சம்பளம் வேண்டாம், உறை வேண்டும் என்றார் ஐயா. இன்னொன்றும் கேட்டார். சாகுமுன் ஒரு வசனம், தன் குரலில், தன் பேச்சில். என் கிழவருக்கு வசனமே கிடையாது. அந்த அமைதியைத்தான் எங்கள் பேராசிரியர் பாராட்டியிருந்தார். பட்டமே இந்தப் படத்தில் தொங்குகிறது. தமிழ்ப் படத்தில் தாய்வான் பேச்சு யாருக்கு விளங்கும் என்று இழுத்தேன். இவ்வளவு காலம் தன் வாயிலிருந்து வந்தது தனக்கே விளங்கவில்லை, பார்த்தவர்கள் அழுதார்கள்தானே என்றார். நான் ஓமென்றேன். ஆனால் பயம் போகவில்லை.

படப்பிடிப்பு எங்கள் வீட்டில். வீட்டுக்குள் ஒரு சாவு நடப்பதைச் சாமி பார்க்கக்கூடாது என்று அம்மா சாமித்தட்டின் திரையை இழுத்துவிட்டார். ஐயா கட்டிலில் படுத்து, வயிறு ஏறி இறங்குவது கமராவுக்குத் தெரியாதபடி ஒரு முழங்காலை மெல்ல மடித்துக்கொண்டார். அம்மா சோற்றுக் கோப்பையோடு உள்ளே வந்தார். ஐயா கண் திறந்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பதைக் கேட்டார்.

கதைப்படி அம்மா பேசவே கூடாது. கமராவை மறந்துபோனார். "ஓம் ஐயா, நான் சாப்பிட்டன். நீங்க?"

அவருடைய கண்கள் கோப்பையில் நின்றுவிட்டன. நான் கமராவை ஓடவிட்டேன். அம்மா கோப்பையை வைத்துவிட்டு அவரது தோளைப் பிடித்து உலுக்கினார். "ஐயா! ஐயோ, பிள்ளை, இஞ்ச வா!" அப்போதுதான் அவர் எழுந்திருந்து, கமராவைப் பார்த்து வீடு அதிரச் சிரித்தார்.

"என்னைக் கொல்லப் பாத்தீங்களே மனிசன்!" என்று அம்மா தமிழில் திட்டினார். ஐயாவுக்கு அது நன்றாகவே விளங்கியது.

சிவப்பு உறை வாங்க மறந்திருந்தேன். "கண்ணூறு நாவூறு கழிக்கிறமாதிரித்தானே" என்று அம்மா ஒரு வெள்ளை உறையில் குங்குமத்தைக் குழைத்துப் பூசிக் கொடுத்தார். மூவரும் தெருமூலையிலிருந்த தெப்பனருக்கு நடந்துபோய், அந்தச் சின்னக் கடையில் உறைக்காசு முழுவதற்கும் மேப்பிள் பிஸ்கட் வாங்கித் தின்றோம். விரல் சிவந்த ஐயா வெறும் உறையை என்னிடமே திருப்பித் தந்தார்.

படத்தொகுப்பில் அம்மாவின் பதிலையும் நான் வெட்டவில்லை. படத்தைப் பல்கலைக்கழக அரங்கில் போட்டபோது எனக்கு முன்வரிசையில் ஐயாவும் மகளும் இருந்தார்கள். அவருடைய சொந்தக் குரல், சற்றுக் கரகரத்த குரல், நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. மகள் அவர் பக்கம் திரும்பினார். இது ஆர் என்று கேட்கவில்லை. என் பக்கத்தில் மாமா மூக்கை உறிஞ்சினார். "மனிசன் நல்லாத்தான் சாகிறான்" என்றார்.

பட்டம் கிடைத்தது. அடுத்த படத்தை எழுதினேன். அதில் ஐயா முதலிலிருந்து முடிவுவரை தன் பேச்சிலேயே பேசித்தீர்க்கிறார், சாகவேயில்லை. வேறொருவர் சாகிறார். அந்த வேசத்தைத் தானாகவே வந்து கேட்டவர் மாமா. "ஒரு வசனமும் தருவியோ?" என்றும் கேட்டார்.

போன சனிக்கிழமை அவர் சாவை எடுத்து முடித்தோம். வயிறு ஏறி இறங்குவது தெரிகிறது என்று ஐயா கையைக் காட்டிக் காட்டி அவரைத் திரும்பத் திரும்பச் சாகவைத்தார். கடைசியில் மாமா எழுந்திருந்து, சிரிக்கவேண்டியதைச் சிரித்துவிட்டு, என்னிடம் கையை நீட்டினார்.

"எங்க மனே, கவர்?"

கமராப் பையிலிருந்து, புதுக்காசு வைத்திருந்த அந்தப் பழைய உறையையே எடுத்துக் கொடுத்தேன்.