பின் பிரேக்கும் என் நாக்கும்

மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு செம்பருத்தி வேலிக்குள் புகுந்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? போன மாதம் நான் புகுந்தேன். எங்கள் தீவின் மரைன் ஹில் இறக்கத்தில் பின் பிரேக்கை மிதிக்கிறேன், மிதிக்கிறேன்... வண்டி நிற்கிற வழியாக இல்லை. அவளுக்கு முழங்கையில் நல்ல சிராய்ப்பு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எட்டு நாள் முன்னால்தானே பிரேக்கை சர்வீஸ் பண்ணினீர்கள் என்று கேட்டாள். எல்லாம் அந்த நிர்மல் பார்த்த வேலை என்றேன்.

பொய். சொல்லும்போதே தெரியும், பொய் என்று.

நிர்மல், பெரார்கஞ்சில் குடியேறிய வங்காளி. சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை செய்கிறார். பேச்சுத் தமிழ் இந்தி கலந்து நன்றாகவே வரும். என் மோட்டார் சைக்கிளோ, மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி என் தலையில் கட்டிவிட்டுப் போன கிழம். அதன் பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் துடைத்து, பிரேக் ஷூவை உப்புத்தாளால் தேய்த்து, அரை நாள் பாடுபட்டார் மனுஷன். "போதும், படா பாபு. இனிமே இதுல கை வைக்காதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார். நான் ஹெட் கிளார்க். இங்கே ஹெட் கிளார்க் என்றால் ஊருக்கே படா பாபு.

கை சும்மா இருக்குமா? மழைக்கு முன்னால் இரும்பைக் கண்டால் எண்ணெய் போடாதவன் இந்தத் தீவில் உண்டா? தாழ்ப்பாள், தையல் மிஷின், குடைக்கம்பி — உப்புக்காற்று எதை விட்டுவைக்கிறது? டிரம்முக்குள் இரும்பு மொட்டையாக இருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே தாராளமாகக் கிரீஸ் தடவி மூடினேன். உரசினால்தான் பிரேக் பிடிக்கும் என்கிற சின்ன விஷயம், அன்று சாயங்காலம் வேலிக்குள் கிடந்தபோதுதான் உறைத்தது.

அந்தப் பொய் வீட்டோடு நின்றிருக்கலாம். மறுநாள் ஆபீசர் கூப்பிட்டார். மோட்டார் ஷெட்டுக்கு நிரந்தர மெக்கானிக் ஒருவர் வேண்டும், நிர்மலைப் போடலாமா என்று கேட்டார். மாதச் சம்பளம், பென்ஷன்... ஒழுகுகிற கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது லேசுப்பட்ட வேலையா? நான் விழுந்த கதை ஆபீஸ் முழுக்கப் பரவியிருந்தது. மானம் போகாமல் இருக்க வேண்டுமே!

"வேலை சுத்தம் போதாது சார்" என்றேன்.

சனிக்கிழமை நிர்மல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். விழுந்தது கேள்விப்பட்டு, தன் வேலையில்தான் தப்போ என்று பதறி வந்திருக்கிறார். என் மனைவி பக்கத்தில் நிற்க, சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே கறுப்புக் களியாகக் கிரீஸ். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"என்ன கோளாறு?" என்று கேட்டாள் மனைவி.

"உப்புக்காத்து, பாபிஜி. வண்டியும் பழசு" என்றார்.

பெட்ரோல் விட்டுக் கழுவி, தேய்த்து, மாட்டினார். புது ஷூ கப்பலில் வருகிறவரை மெதுவாகப் போகச் சொன்னார். டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஆபீசரிடம் ஓடினேன். கிரீஸ் தடவினது நான்தான் சார் என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேற ஆளுக்கு ஆர்டர் போயாச்சேய்யா" என்றார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நிர்மலிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன் என்றேன்.

"அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே" என்றாள்.