வெந்நீரில் உட்கார்ந்த மத்தியானம்

கடலுக்கு அக்கரையில், ஆயர் ஈத்தாம் பாதையில் நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. பஸ் என்றால் இப்போது ஓடுகிற மாதிரிப் பெரிய வண்டி இல்லை. ஏழெட்டுப் பேர் முழங்கால் இடிக்க உட்காரும் சின்ன வண்டி. ஊரில் கொசு பஸ் என்பார்கள். மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவில் புகுந்து போகும், யார் கைகாட்டினாலும் நிற்கும். என் இருக்கை ஒரு பலகை, அதன்மேல் தேங்காய் நார் அடைத்த தோல். நார் எல்லாம் நொறுங்கித் தூளாகிவிட்டதால் பாதையில் உள்ள ஒவ்வொரு கல்லும் நேராக என் இடுப்புக்குத்தான் வரும்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. சிறுநீர் போகும்போது மிளகாய் பட்டதுபோல எரியும். வெயில் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். பிறகு, போய்விட்டு வந்து இருக்கையில் ஏறி உட்கார்ந்த உடனேயே மறுபடி போகவேண்டும்போல இருந்தது. இறங்கிப் போனால் நாலு சொட்டு. அதற்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு முக்க வேண்டும். உட்காரும் இடத்துக்குள்ளே, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், பழுத்த கட்டி ஒன்று இருப்பதுபோல ஒரு கனம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த இடம் விண்விண் என்று தெறித்தது.

எங்கள் வண்டியில் டிக்கெட் போடுபவர் என்னைவிட இளையவர், நாகூர்ப் பக்கத்துக்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுச் சூலியா தெருவில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தார். நான் அடிக்கடி வண்டியை நிறுத்துவதை முதலில் கவனித்தது அவர்தான். ஒருநாள் ஆயர் ஈத்தாம் சந்தையில் ஆள் ஏறுவதற்காகக் காத்திருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னண்ணே, ஒவ்வொரு இடத்திலயும் இறங்கி ஓடுறீங்க?"

"எரியுது தம்பி. சூடு போலிருக்கு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கண்ணே போனீங்க?"

"எங்க போனேன்? எங்கேயும் போகல."

"எங்கிட்ட மறைக்காதீங்கண்ணே. இது வெட்டை. பொம்பளைகிட்ட போகாம வராது லா."

"சத்தியமாச் சொல்றேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"அப்ப வீட்டுலேருந்துதான் வந்திருக்கணும்."

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். கூடையில் கீரை வைத்திருந்த ஒரு சீனத்தி வண்டிக்குள்ளிருந்து கத்தியதும்தான் கையை எடுத்தேன். அன்று தொட்டு எங்கள் இருவருக்கும் இடையில் "போ", "நில்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஆனால் அவர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. என் மனைவியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. எனக்கு இருந்த பயம் வேறு. கூடவே வேலை செய்கிறவரே நம்பவில்லை என்றால் ஊர் எப்படி நம்பும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வியே அதுவாகத்தானே இருக்கும்? சந்தை ஓரத்தில் மருந்து விற்பவனிடம் சந்தன எண்ணெய் வாங்கிக் குடித்தேன். ஏப்பம் மணத்ததுதான் மிச்சம், எரிச்சல் அப்படியே இருந்தது.

டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் பலகை வீட்டில் குடியிருந்தோம். நான், மனைவி, ஒரு கைக்குழந்தை. அவளுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் குழந்தை அழுகிறது என்று சாக்குச் சொல்லி என் பாயை முன்னறைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. சோறு போடுவாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். முகம் சிறுத்துப் போயிருந்தது. என்மேல் சந்தேகப்படுகிறாள் என்றே நான் எண்ணினேன். குற்றம் செய்யாமலே குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்து சாப்பிடுவது எத்தனை கஷ்டம் என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

ஒரு முற்பகல் வண்டியிலேயே குளிர் கண்டது. பல் கிடுகிடுத்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, எனக்கோ போர்வை வேண்டும்போல இருக்கிறது. ஆயர் ஈத்தாமில் இறங்கி ஒரு ரம்புத்தான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. முக்கினேன், வயிற்றை அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. அடிவயிறு பானை மாதிரி இறுகிக் கிடந்தது. மரத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

டிக்கெட்காரர்தான் தேடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பழைய சண்டை எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது.

"அண்ணே! என்ன ஆச்சு?"

"வரமாட்டேங்குது தம்பி. அடைச்சுக்கிச்சு."

"எழும்புங்க. நான் ஓட்டுறேன்."

ஏறியிருந்தவர்களை எல்லாம் அடுத்த வண்டிக்கு அனுப்பினார். என்னைப் பின்னால் பெஞ்சில் படுக்கவைத்து அவரே ஓட்டினார். வழியில் என் வீட்டுச் சந்தில் நிறுத்தி, "அக்கா, வாங்க, அண்ணனுக்கு ரொம்ப முடியல" என்று கூப்பிட்டார். மனைவி குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். அந்தக் கொசு பஸ்ஸில் என் தலை அவள் மடியில் இருந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் அவள் கை என் நெற்றியை அழுத்தும்.

"எங்க போறோம்?" என்று கேட்டாள்.

"எங்க ரூமுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருக்காருக்கா. நல்லவரு. கூச்சல் போடமாட்டாரு" என்றார் அவர்.

டாக்டர் ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும். என்னைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டார். மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உறை போட்ட ஒரு விரலால் பின்பக்கம் வழியாகவும் சோதித்தார். அவர் மெதுவாகத்தான் தொட்டார். ஆனாலும் நான் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"உதுதான் இடம். நெருப்பாக் கொதிக்குது" என்றார். "சமீபத்திலை எங்கையாவது கட்டி கிட்டி வந்ததோ?"

வந்திருந்தது. தொடையில் பெரிய கட்டி. உடைந்து ஆறியும்விட்டதால் அதை நான் நினைக்கவே இல்லை. சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மற்றக் கேள்வியைச் சுற்றிவளைத்துத்தான் கேட்பார் என்று காத்திருந்தேன். நேராகவே கேட்டார்.

"வெளியிலை பெண்டுகளிட்டைப் போற பழக்கம் இருக்கோ?"

"இல்லைங்க டாக்டர். ஒரு நாளும் இல்லை."

"சரி" என்றார். அவ்வளவுதான். "சத்தியமா" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

பின்கட்டில் ஒரு பெரிய துத்தநாகத் தொட்டி இருந்தது. வேலைக்காரர் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைக்க, மனைவியைக் கூப்பிட்டு டாக்டர் சொன்னார்: "அம்மா, முழங்கையை விட்டுப் பாருங்கோ. சுடவேணும், ஆனால் தோல் வேகக் கூடாது. ஆற ஆறச் சூட்டுத் தண்ணி விட்டுக்கொண்டு இருங்கோ." வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். பக்கத்து மேசையில், மூடிய தட்டு ஒன்றைக் காட்டினார். "இதுக்குள்ளை ரப்பர் குழாய் அவிச்சு வைச்சிருக்கிறன். தேவை வந்தால்தான் போடுவன். முதலிலை தண்ணியிலை இருங்கோ."

தொப்புள் வரை வெந்நீர். உட்கார்ந்ததும் சூட்டில் துள்ளினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு இறங்கியது. இறுக்கிப் பிடித்திருந்த தொடைகள் தானாகத் தளர்ந்தன. மனைவி சொம்பால் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னார்: "வந்தால் தண்ணிக்குள்ளையே விடுங்கோ. வெக்கப்படாதேங்கோ. எழும்பி நிண்டால் திரும்ப அடைச்சுப்போடும்."

எத்தனை நேரம் என்று தெரியாது. சுவரில் வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று உள்ளே ஏதோ ஒரு முடிச்சு நழுவியதுபோல இருந்தது. முதலில் நூல் மாதிரி. பிறகு நிற்காமல். எரிந்தது, எரிந்தாலும் என்ன! கண்ணில் தண்ணீர் வழிய, "வருது, வருது" என்று குழந்தை மாதிரி கத்தினேன். மனைவி சொம்பைக் கீழே போட்டுவிட்டாள். அவளும் அழுதாள், அழுகைக்கு நடுவில் சிரித்தாள். வெளியே டிக்கெட்காரர், "வந்துருச்சா அண்ணே? வந்துருச்சா?" என்று கேட்கும் குரல். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமே இல்லை. பிள்ளை பிறந்த நாளில்கூட நான் அப்படி மூச்சு விட்டதில்லை.

துடைத்துக்கொண்டு வந்து படுத்தபின், நான் வந்தவுடனே சிறுநீர்த் துவாரத்தில் கசிந்திருந்ததை வழித்து எடுத்து வைத்திருந்த டாக்டர் அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் விட்டு, பூதக்கண்ணாடிக் குழலில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் என் மனைவி கேட்டாள். தலை நிமிரவில்லை. புடைவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"டாக்டர் ஐயா, இது என்கிட்டேருந்து வந்திருக்குமா?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"புள்ள பொறந்ததுலேருந்து எனக்கு வெள்ளைப்படுது. யார்கிட்டயும் சொல்லல. இவரு பாயை எடுத்துட்டுப் போனதும், என்னாலதான் இவருக்கு இப்படி ஆயிடுச்சு, அது தெரிஞ்சுதான் ஒதுங்கிட்டாருன்னு நெனைச்சேன்."

அப்படியானால் இத்தனை நாளும் அவள் என்மேல் சந்தேகப்படவே இல்லை. தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஆளுக்கொரு பயத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

டாக்டர் கண்ணை எடுக்காமல் கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்து உட்கார்ந்தார்.

"வெட்டைக் கிருமி இதிலை இல்லை. இருக்கிறது வேறை கிருமி, கட்டியிலை இருக்கிறது மாதிரி. இவரின்ரை தொடையிலை இருந்த கட்டியிலையிருந்துதான் ரத்தத்தோடை போய் இறங்கியிருக்கு எண்டு நினைக்கிறன். உங்களாலை வரேல்லை, அம்மா. உங்களுக்கு இருக்கிறது பிள்ளை பெத்த கனபேருக்கு வாறதுதான். அதுக்கும் மருந்து தாறன்."

பிறகு ஒரு கொட்டைப் பாக்கை எடுத்து மேசையில் வைத்து எனக்கு விளக்கினார். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, கிட்டத்தட்ட அந்த அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். இங்கிலீஷில் புராஸ்டேட் என்பார்களாம். தமிழில் அதற்கு என்ன பெயர் என்று தமக்கே தெரியாது என்றார். சிறுநீர் போகிற குழாய் அதன் நடுவாகத்தான் போகிறது. சுரப்பி வீங்கினால் குழாயை நெருக்கும், எரியும், அடைக்கும், காய்ச்சல் வரும். கிழவர்களுக்கு அது மெல்லப் பருத்து அடைப்பது வேறு, என்னைப் போன்ற வயதில் அழற்சி கண்டு வீங்குவது வேறு. "வெட்டையாலையும் வரும். ஆனால் அதாலை மட்டும்தான் வரும் எண்டில்லை" என்று சொல்லும்போது வாசலில் நின்ற டிக்கெட்காரரை ஒரு பார்வை பார்த்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

காய்ச்சல் விடும்வரை படுக்கை. பார்லித் தண்ணீர் நிறைய. புளிப்பும் உப்புமாக ஒரு மிக்ஸ்சர், சிறுநீரின் எரிச்சலைக் குறைக்க. தினமும் வெந்நீர்த் தொட்டி. மிளகாய் கூடாது, கள் கூடாது, அடக்கி வைத்திருப்பது கூடவே கூடாது. காய்ச்சல் எல்லாம் போய்ச் சில வாரம் சென்றபின், மிச்சமிருக்கும் சீழ் வெளியேற, வாரத்துக்கொரு முறை விரலால் சுரப்பியை மெல்ல அழுத்திவிட்டார். அதைப் பற்றி அதிகம் எழுத முடியாது. முதல் தடவை சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் எழுத்துகளை எல்லாம் எண்ணி முடித்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பெனிசிலின் எல்லாம் வராத காலம். அதனால் குணமாவது மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் நடந்தது.

நான் படுத்திருந்த நாட்களில் டிக்கெட்காரர் ஒரு சாயங்காலம் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். மனைவி தேநீர் போட உள்ளே போனதும் என் பக்கத்தில் குந்தினார்.

"அண்ணே, அன்னிக்குச் சொன்னது தப்பு. மனசுல வெச்சிக்காதீங்க."

"விடு தம்பி. உயிரைக் கொண்டாந்து சேர்த்தது நீதானே."

"எனக்கு அது வந்துச்சுண்ணே. அந்த டாக்டர்கிட்டதான் மருந்து ஓடுது. அதான் யாருக்கு எரிஞ்சாலும் அதுதான்னு நெனைச்சுட்டேன்."

தோளைத் தட்டினேன். அவருடைய வைத்தியம் என்னுடையதைவிட நீளமாக ஓடியது. ஆனால் அவரும் தேறி, பின்னால் ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்.

வண்டிக்குத் திரும்பியபோது முதலாளியிடம் கேட்டு இருக்கையில் இலவம்பஞ்சு அடைத்துக்கொண்டேன். சிறுநீர் வந்தால் யார் என்ன சொன்னாலும் வண்டியை நிறுத்தினேன். அடுத்த சில வருடங்களில் அந்த வலி இரண்டொரு தடவை எட்டிப் பார்த்தது. டாக்டரிடம் போனேன், மருந்து கொடுத்தார், போய்விட்டது. அது என்ன என்று தெரிந்திருந்ததால் பழைய நடுக்கம் இல்லை.

பாய் எப்போதோ உள்ளறைக்குத் திரும்பியிருந்தது. அப்புறமும் கொஞ்சகாலம் இரவில் அடிக்கடி எழுந்து போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு காலை கண் விழித்தபோது ஜன்னல் பலகையின் இடுக்கில் வெயில் ஏறியிருந்தது. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேலைக்குப் போகலையா?"

"ராத்திரி நான் ஒரு தடவைகூட எழும்பல, தெரியுமா?"

"தெரியும். எப்ப எழும்புவீங்கன்னு நான்தான் முழிச்சுக்கிட்டே கெடந்தேனே."

குழந்தையை என் கையில் கொடுத்து எழுப்பிவிட்டு, நான் எழுந்த பாயிலேயே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று வண்டி கொஞ்சம் தாமதமாகத்தான் புறப்பட்டது.