துடக்கும் கண்ணும்

தங்கச்சியின் பிள்ளை முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்சிசன் குழாயோடு கிடந்து, பால் உறிஞ்சப் பழகி, இருபத்தாறாம் நாள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தாள். கிளினிக் கார்டில் இருபத்தெட்டாம் நாள் கண் பரிசோதனை என்று எழுதியிருந்தது.

"முப்பத்தொராம் நாள் தீட்டுக் கழியாமல் பிள்ளையை வெளியில கொண்டு போறதோ? துடக்கு வீடு, அண்ணை. அடுத்த கிழமைக்கு மாத்திக் கேளுங்கோ" என்றாள் தங்கச்சி. அவளுடைய கணவர் கட்டாரில். வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் பேசும் வாய் என்னுடையதுதான். மூன்று நாள் பொறுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நானும் போன் எடுத்தேன்.

மறுமுனையில் தாதியின் குரல் மலையகத்துக் குரல். "அண்ணே, கண்ணுக்குத் துடக்கெல்லாம் கிடையாது. பார்வை போனா யாரு கொண்டாந்து குடுப்பா? நாளைக்கே தூக்கிட்டு வாங்க."

போனோம். கண்மணி விரியச் சொட்டு மருந்து, நாக்கில் சீனித்தண்ணீர், இமைகளைப் பிரித்துப் பிடிக்க ஒரு சின்னக் கம்பி. பிள்ளை வீரிட்டாள், தங்கச்சி சுவரைப் பார்த்து நின்றாள். நான் கண்ணின் உட்புறத்தைக் காட்டிய கணினித் திரையைப் பார்த்தேன். செம்மஞ்சள் வெளி. நடுவிலிருந்து மெல்லிய சிவப்பு இழைகள் கிளைத்துக் கிளைத்து ஓடின, எங்கள் வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள் போல. ஆனால் ஒன்றும் கரையைத் தொடவில்லை. பாதி வழியில் ஒரு வெளிறிய கோடு. அதற்கு அப்பால் வெறுமை.

"இந்த இரத்தக் குழாய்கள் வயித்துக்குள்ள வளர்ந்து முடியவேண்டியவை" என்றார் கண் டொக்டர். "முந்திப் பிறந்தால் அந்தக் கோட்டில நிண்டுபோகும். பிறகு கண்டபடி வளர்ந்து விழித்திரையை இழுத்துக் கழட்டலாம்."

"ஒட்சிசனாலயா?" என்றேன்.

"அது கூடினால் கரைச்சல். குறைஞ்சால் உயிருக்கே கரைச்சல். பிள்ளை எவ்வளவு முந்தினது, எவ்வளவு நிறை குறைவு, கிருமித் தொற்று வந்ததோ, நிறை ஒழுங்கா ஏறுதோ, எல்லாம் சேர்ந்துதான்."

உயிரை ஊதிக் கொடுத்த அதே காற்று கண்ணின் மீது கை வைக்குமா? ஒழுங்காக வளர்வதா, கண்டபடி வளர்வதா என்று அந்த இழைகள் எப்படி முடிவெடுக்கும்? வெளியே பார்த்தால் இந்தக் கண் எந்தக் குழந்தையின் கண்ணும் போலத்தானே இருக்கிறது? கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அண்ணை சோதினை எழுதப் போறாராக்கும்" என்றாள் தங்கச்சி, மூக்கை உறிஞ்சியபடி.

கோடு தானாக மறையலாம், மிகவும் தடித்தால் லேசர். ஒரு கிழமையும் தவறக்கூடாது என்றார் டொக்டர். இரண்டாம் முறை கோடு சற்றுத் தடித்திருந்தது, லேசர் வைக்கும் அளவுக்கு இல்லை என்றார். அன்று நான் கார்டில் அடுத்த திகதியை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் முறை அப்படியே. நான்காம் முறை மெலிந்திருந்தது. ஒன்றிரண்டு இழைகள் அதைத் தாண்டியிருந்தன. எப்படித் தாண்டின என்று டொக்டருக்கும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அவள் பிறந்திருக்க வேண்டிய திகதி வந்த கிழமையில் இழைகள் விளிம்பைத் தொட்டுவிட்டன. "இனி லேசர் தேவையில்லை. ஆனால் ஒரு வயசில ஒருக்கால் காட்டுங்கோ."

பிள்ளை பால் குடித்து அடங்கியபின், டொக்டர் எங்களிடம் வந்தார். தங்கச்சி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இப்ப இவள் என்னைப் பாப்பாளோ?"

"முகத்தைக் கிட்டக் கொண்டு போங்கோ."

கொண்டுபோனாள். பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் குனிந்திருந்த டொக்டரின் தடித்த கறுப்புக் கண்ணாடிச் சட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை மெல்ல அசைத்தார். அவளுடைய கண்களும் அசைந்தன.

"பாருங்கோவன், கள்ளி!" என்றாள் தங்கச்சி. "கிழமைக்குக் கிழமை அழவைச்ச ஆளைத்தான் பாக்கிறாள்."