இடது காறை எலும்பு

இது நடந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் 3.40-க்கு எக்ஸ்ரே அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மேஜையருகே, ஆஸ்பத்திரியே 'படக்காரர்' என்று அழைக்கும் எக்ஸ்ரே எடுப்பவர். கதவோர ஸ்டூலில், காலை நீட்டிக்கொண்டு ஆயாம்மா. சுவரோர பெஞ்சில், தொளதொள சட்டையில் ஒரு ஆள். ஆயாம்மா மட்டும் இன்றுவரை இரண்டு பேர் என்றே சாதிக்கிறாள்.

படக்காரர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. டாக்டர் சீட்டில் முழங்கால் என்றிருந்தால் முழங்கால், மணிக்கட்டு என்றால் மணிக்கட்டு. பதினோரு வருட வேலை அப்படிப் பழக்கிவிட்டது. அந்த ஆளின் சீட்டில் இருந்தது இடது காறை எலும்பு. கழுத்தடியிலிருந்து தோள்வரை போவது. தோள் தரையில் மோத விழுந்தால் சட்டென்று முறிவது.

அண்ணனுக்கும் அதுதான் முறிந்தது. பதினான்கு வயதில், மதில்மேல் நடந்த சண்டையில் தம்பி தள்ளிவிட்டதில். அந்தத் தம்பிதான் இந்தப் படக்காரர். எலும்பு கோணலாகக் கூடி, நடுவில் ஒரு முண்டு நின்றுவிட்டது. அண்ணன் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அப்பாவோடு கோபித்துக்கொண்டு போனவன், போனவன்தான். பத்தொன்பது வருடம். அம்மா இன்னும் வாசற்கதவைத் தாழ் போடுவதில்லை. ஞாயிறுதோறும் இவர் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தின் கடைசி வரி மாறியதே இல்லை: 'அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை.'

எப்படி அடிபட்டது என்று வழக்கம்போலக் கேட்டார்.

"யாரும் தள்ளல. நானேதான் விழுந்தேன்."

தள்ளினார்களா என்று அவர் கேட்கவே இல்லை...

தோளைப் பிடித்து நேராக நிறுத்தினார். சட்டைக்குள் சூடே இல்லை. எங்கோ கம்பி உரசியது. கிரீச்...

3.46. படம் எடுத்தார்.

3.52. இருட்டறையிலிருந்து ஈரப் படத்தோடு வந்தார். பெஞ்ச் காலி.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். எலும்பின் நடுவே, கோணலாகக் கூடிய பழைய முறிவு. விரல்நுனி அளவு முண்டு. சுற்றிலும் இருக்கவேண்டிய சதையின் சாம்பல் நிழல்... இல்லை. எலும்பு முனையில் துளை. துளைக்குள் கம்பி.

அப்படிக் கம்பியில் கோத்தது அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான். பக்கத்து வகுப்பறையில், நர்ஸ் படிக்கும் பெண்களுக்காகத் தொங்கும் எலும்புக்கூடு.

ஓடினார்.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

அது ஆடிக்கொண்டிருந்தது...

இடது காறை எலும்பைத் தடவினார்.

முண்டு.

திரும்பி வந்து, அந்த ஆள் எங்கே என்று ஆயாம்மாவிடம் கேட்டார்.

"எந்த ஆளு? மூணரைக்கு அப்புறம் ஈ காக்கா வரல சார். நீங்கதான் தனியா பேசிட்டிருந்தீங்க. வீட்டுல பேச விடமாட்டாங்க போல, இங்கயாவது பேசட்டும்னு விட்டுட்டேன்."

மறுநாள் பொருள் பதிவேட்டைப் புரட்டினார். 'எலும்புக்கூடு. ஆண். வயது முப்பது இருக்கலாம். கேட்டு யாரும் வராத உடல்.' வந்தது, அவர் வேலைக்குச் சேர்ந்த அதே மாதம். பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி வாங்கியவர் கையெழுத்து...

அவருடையது.

ஞாயிறு காலை 10.15-க்குக் கடிதத்தின் கடைசி வரிகளை எழுதினார்.

'அம்மா, அண்ணன் கிடைத்துவிட்டான். பதினோரு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறான். நேரில் வந்தும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு மதிலிலிருந்து அவன் தானாக விழவில்லை. நான்தான் தள்ளினேன். இனி ராத்திரியில் கதவைத் தாழ் போட்டுக்கொள்.'

உறையில் பசை தடவி, விளிம்பை இரண்டு முறை அழுத்தி ஒட்டினார். தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டார்.