தூங்காத வைஃபை

என் கணவரின் தம்பிக்கு வீட்டில் 'அரைகுறை' என்று பெயர். வைத்தது என் கணவர்தான். பாதி வண்ணமடித்த ஜன்னல், மூடி போடாத சுவிட்ச் பெட்டி என்று தம்பி கைவைத்த இடமெல்லாம் ஏதாவது மிச்சம் இருக்கும். அவருக்கு லிஃப்ட் கம்பெனியில், லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு நிரல் எழுதும் வேலை. அங்கே மட்டும் எதையும் பாதியில் விட்டதில்லையாம். "விட்டா ஆளு நடுவுல தொங்குவான் அண்ணி" என்பார்.

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் கணவருக்குக் குரல் போய்விட்டது. கை நடுக்கத்தில் போனின் சின்ன எழுத்துகளைத் தொட முடியவில்லை. பழைய லேப்டாப்பில் தட்டுவார். நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்குச் செய்தியாக வரும். அந்தத் தைரியத்தில்தான் வேலைக்குப் போய்வந்தேன்.

ஒரு மாலை வீடு திரும்பியபோது தண்ணீர்க் குடுவை தரையில் கிடந்தது. அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. திரையில் வரிசையாக என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒன்றும் எனக்கு வந்து சேரவில்லை. வேலையை விட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன்.

அதற்குள் தம்பி வந்து லேப்டாப்பைப் பிரித்து மேய்ந்தார். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளில் பிழையாம். கொஞ்ச நேரம் எதுவும் அனுப்பாமல் இருந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கிவிடுகிறது. பிறகு எழுப்பினாலும் எழுவதில்லை. அந்த வசதியை அணைத்து வைத்தால் மறுபடி அதுவே போட்டுக்கொள்கிறது. தயாரித்தவர்கள் அந்த மாடலை எப்போதோ கைகழுவியிருந்தார்கள். புதிதாக வாங்கலாம் என்றால் என் கணவர் தலையாட்டி மறுத்துவிட்டார். அவர் விரலுக்குப் பழகியது அந்தத் தேய்ந்த விசைகள்தான்.

கடைசியில் தம்பி சின்னதாக ஒரு நிரல் எழுதினார். அது ரூட்டரிடம் 'இருக்கியா, இருக்கியா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பேச்சு நிற்காதவரை வைஃபை கண்ணயராது.

"நோய் அப்படியேதான் இருக்கு அண்ணி. இதுவும் பாதி வேலைதான்" என்று தலையைச் சொறிந்தார்.

என் கணவர் ஏதோ தட்டினார். தம்பிக்குச் சொன்னது என் போனில் வந்து விழுந்தது: 'உங்க அண்ணி மாதிரியே நச்சரிக்குது. அப்புறம் எங்க தூங்குறது?'

நான் வேலையை விடவில்லை. மாத்திரை போட்டாச்சு, பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் பாட ஆரம்பிச்சிட்டார் என்று செய்திகள் தவறாமல் வந்தன. ஒரு பிற்பகல், கிழிந்த புத்தக அட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது அது வந்தது: 'மூச்சு சரியில்ல. வா.' பசைக் கையோடு ஓடினேன். அந்தக் கையைப் பிடித்தபடிதான் போனார்.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, அந்த நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பின் முன் தம்பி உட்கார்ந்தார். நிறுத்தக் கை வரவில்லை அவருக்கு. நானே நிறுத்தினேன்.

"நீங்க இல்லன்னா அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டிருக்காது தம்பி" என்றேன்.

மறுநாள் அவர் தூரிகையோடு வந்து, ஜன்னலின் மிச்சப் பாதிக்கு வண்ணமடித்தார். கீழ் மூலையில் உள்ளங்கை அகலம் மட்டும் விட்டிருந்தார். அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அண்ணன் திட்டுறதுக்கு ஏதாவது வேணும்ல" என்றார்.