எழுபத்தொரு மைல் ஓடிய மஞ்சள் கார்

உலகத்தில் எந்தப் பொருளும் உழைத்தால்தான் மதிப்பு. நான் பார்த்த தொழிலில் மட்டும் உழைக்காமல் கிடந்தால்தான் மதிப்பு.

அமெரிக்காவில் 'மஸில் கார்'களை இணையத்தில் ஏலம் விடும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் இருந்தேன். மஸில் கார் என்றால் இரண்டே கதவு, பெரிய எஞ்சின், அடுத்த தெருவுக்குக் கேட்கும் உறுமல். அதை ஓட்டித் தீர்த்தவருக்கு நினைவு மட்டும் மிஞ்சும். வாங்கி வீட்டில் பூட்டி வைத்தவருக்கு இருபது வருடம் கழித்து அதிர்ஷ்டம் கதவைத் தட்டும். அப்படித் தட்டப் போகிறவள் நான். காரின் அடியில் படுத்துப் பார்த்து, குறைகளைக் குறித்து, ஏல விவரம் எழுதுவது என் வேலை. டிவி ரிமோட்டுக்கு பாலிதீன் உறை போட்டு, வீட்டாரிடம் பேச்சு வாங்குகிறவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி. உங்கள் ஆறுதலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சைபர் கூட

ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் மென்பொருள் சோதித்துக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்தது. கார் ஏல நிறுவனத்து டேவ், என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "பத்து வருஷமா அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிச்சுக் கோபப்படாம எழுதியிருக்கீங்க. இந்த வேலைக்கு அது போதும்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு அப்போது காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் எந்தப் பக்கம் போடுவது என்பதுதான்.

முதல் கார் நியூ ஜெர்சியிலேயே. கணவர் வாங்கி, மூடி போட்டு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த கறுப்பு கார்; நாற்பது வருடத்தில் எழுநூறு மைல். விற்கிற பாட்டியம்மா இருபதாயிரம் டாலர் வந்தால் கூரை மாற்றுவேன் என்றார். நான் தாராளமாக முப்பது என்று மதிப்புப் போட்டேன். போனது ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு. செய்தி சொல்லக் கூப்பிட்டேன்.  பாட்டியம்மா கேட்டார்: "பொண்ணே, கம்ப்யூட்டர்ல ஒரு சைபர் கூடத் தட்டிட்டியா?"

வேன் வெயிலில், கார் நிழலில்

டெக்ஸஸில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட். பொள்ளாச்சிப் பக்கத்து முத்துசாமி அண்ணன், சரஸ்வதி அக்கா. ஹூஸ்டன் வெயிலில் அவர்களுடைய வேன் வாசலில் நின்று பெயின்ட் உரிந்துகொண்டிருந்தது. கராஜுக்குள், மின்விசிறிக்குக் கீழே, பருத்தி வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை மூடிக்கொண்டு ஒரு மஞ்சள் மஸ்டாங். மீட்டரில் எழுபத்தொரு மைல். கார் வாங்கிய கடையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து அந்த ஊர் மீனாட்சி கோவில், திரும்ப வீடு. மீதி மைலெல்லாம் வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் தெருமுனை வரை போய் வந்தது.

"கிரீன் கார்டு வந்த வாரம் வாங்குனதுங்க அம்மணி" என்றார் அண்ணன். அதே வாரம் அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு கதவு காரில் குழந்தை சீட் மாட்டுவது பெரும்பாடு என்பது பணம் கட்டிய பிறகுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. உடனே வேன் வந்தது. மஞ்சள் கார் உள்ளே போனது. இருபத்திரண்டு வருடம் போய்விட்டது. அந்தக் குழந்தை கல்லூரியே முடித்துவிட்டாள்.

நான் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். இருக்கைகளில் தொழிற்சாலை போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கடைக்காரன் கழற்ற வந்தபோது அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தாராம். புது சோபாவுக்கு மூன்று வருடம் கவர் கழற்றாத குடும்பம், காருக்கா கழற்றும்? எங்கள் தொழிலில் அந்த உறை வைரம். அவர்கள் காரை விற்க வந்த காரணமும் சின்னதில்லை. அக்கா பதினைந்து வருடமாக வீட்டிலிருந்து மாவும் பொடியும் விற்கிறவர். நல்ல இடத்தில் ஒரு டிபன் கடை அமைந்திருக்கிறது. அட்வான்ஸுக்கும் சமையலறைக்கும் நாற்பதாயிரம் டாலர் வேண்டும். மாதக் கடைசி வரைக்கும்தான் இடத்தைப் பிடித்து வைப்பேன் என்று கட்டிடக்காரர் சொல்லிவிட்டார். கார் போனால் கடை என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

"கோவில் பூஜைக்கு நீங்களும் இதுலதானே போனீங்க?" என்று அக்காவிடம் கேட்டேன். விவரம் எழுத வேண்டுமே.

"எங்க ஏத்துனாரு? மேடு பள்ளத்துல வயிறு குலுங்கும்னு சொல்லிட்டாரு. இவரு காருக்குப் பின்னாடியே நான் வேன்ல போயி, இவரு காருக்குச் சாமி கும்பிட்டுட்டு வந்தேன்."

பெண் பார்க்கும் நாள்

சனிக்கிழமை புகைப்படக்காரரோடு வருகிறேன், காரைத் தயாராக வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தப்பு என்னுடையது. 'எதையும் தொடாதீர்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். நம் ஆட்களிடம் நாலு பேர் பார்க்க வருகிறார்கள் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை போனால் கார் பெண் பார்க்க உட்கார வைத்ததுபோல் மினுங்குகிறது. டயருக்குப் பாலிஷ். கண்ணாடியில் தொழிற்சாலைக்காரன் சாக்பீஸால் கிறுக்கிய எண் துடைத்தாயிற்று. கதவைத் திறந்தேன். உறையைக் காணோம்.

"பழசாத் தெரிஞ்சுதுங்க. பிச்சுக் குப்பைல போட்டுட்டேன்" என்றார் அண்ணன், பாராட்டை எதிர்பார்த்து.

"குப்பை வண்டி எப்ப வரும்ணே?"

"நேத்தே வந்துட்டுப் போயிருச்சுங்களே."

நான் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புகைப்படக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த உறை இல்லையென்றால் நாற்பதாயிரம் சந்தேகம்தான் என்று மெதுவாகச் சொன்னதும் அண்ணன் முகம் வெளுத்தது. சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா உள்ளே போய், ஒரு பெரிய அரிசிப் பையோடு வந்தார். நம் வீடுகளில் பைக்குள் பை, அதற்குள் பையாக ஒரு பை இருக்குமே, அது. அதற்குள் நாலாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, இரண்டு இருக்கை உறையும் ஸ்டீயரிங் உறையும்.

"இவரு வீசறதெல்லாம் குப்பைக்குப் போச்சுன்னா இந்த வீட்டுல என்ன மிஞ்சும்? கனமான கவராச்சே, ஊறுகாய் ஜாடி கட்ட ஆகும்னு எடுத்து வச்சேன்."

அந்தச் சிவப்புப் புள்ளி

ஏலம் ஏழு நாள். நடந்ததை அப்படியே எழுதினேன்: உறை வியாழக்கிழமை கழற்றப்பட்டது, இல்லத்தரசியால் காப்பாற்றப்பட்டது, காரோடு தரப்படும். டேவ் படித்துவிட்டு, "அந்த அம்மாவை நாம வேலைக்கு எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் ஏலப்பக்கத்தில் சண்டை ஆரம்பித்தது. எஞ்சின் படத்தில், மூடியின் நட்டநடுவில், ஒரு மஞ்சள் புள்ளிக்கு மேல் சிவப்பாக இன்னொரு புள்ளி. தொழிற்சாலையில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வண்ணப் புள்ளி வைப்பார்கள். அழியாமல் இருந்தால் விலை ஏறும். இரண்டு நிறத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த புள்ளியை இதுவரை யாரும் கண்டதில்லையாம். இது மாலை ஷிஃப்ட் அடையாளம் என்றார் ஒருவர். இல்லை, ஏற்றுமதி சோதனை என்றார் இன்னொருவர். முப்பது வருடம் இந்த ரகக் கார்களையே ஆராய்ந்தவர் ஒருவர், விஷயம் தெரிகிற வரை யாரும் விலை கேட்காதீர்கள் என்று எழுதிவிட்டார். முப்பத்தோராயிரத்தில் ஏலம் நின்றுபோனது.

அண்ணனைக் கூப்பிட்டேன். "வருஷா வருஷம் அதே இடத்துல வைக்கற ஆயுத பூஜைப் பொட்டுங்க அம்மணி. மத்ததெல்லாம் துடைச்சேன். சாமிப் பொட்டுல கை வைக்க மனசு வரலை." ஆக, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து உட்கார்ந்து, சந்தனம் என்றால் என்ன, குங்குமம் என்றால் என்ன, ஆயுதங்களுக்கு ஏன் வருடத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அமெரிக்க கார்ப் பித்தர்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று பத்தி எழுதினேன். சந்தேகத்துக்கு அக்காவிடம் நாலு முறை போன். பக்கம் ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தது. ஏலம் கெட்டது என்றே நினைத்தேன். பிறகு அந்த முப்பது வருட ஆராய்ச்சியாளர் எழுதினார்: "இருபத்திரண்டு புள்ளி, ஒரே இடத்தில். அந்தத் தொழிற்சாலையில்கூட இவ்வளவு ஒழுங்காக எவனும் சோதித்ததில்லை. தயவுசெய்து யாரும் அதைத் துடைக்க வேண்டாம்."

பாவம், போதும்

கடைசி நாள். டெக்ஸஸ் நேரப்படி பகல் பன்னிரண்டுக்கு முடிவு. நான் ஜெர்சி சிட்டியில், அண்ணன் போனில். பின்னணியில் அக்காவின் கிரைண்டர் ஓடும் சத்தம். நான் பார்க்க மாட்டேன், ஆனதும் சொல்லுங்கள் என்று மாவாட்டப் போய்விட்டாராம். ஐந்து நிமிடம் இருக்கும்போது முப்பத்தெட்டாயிரம். அண்ணன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. இன்னும் இரண்டாயிரம் வேண்டும்.

கடைசி இரண்டு நிமிடத்தில் யார் விலை ஏற்றினாலும் கெடு இன்னும் இரண்டு நிமிடம் நீளும் என்பது எங்கள் விதி. இரண்டு பேர் இறங்கினார்கள். நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. கிரைண்டர் நின்றது. அறுபது. அறுபத்தேழு.  டேவ் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். எழுபத்தைந்து வந்ததும் அண்ணன் குரல் கெஞ்சலாக மாறியது.

"அம்மணி, நிறுத்திப் போடுங்க."

"நிறுத்த முடியாதுண்ணே. அவங்களாத்தான் நிக்கணும்."

"நாப்பது போதும்னுதானுங்க வேண்டிக்கிட்டோம். வாங்கறவங்களுக்கும் வீட்டுல ஒரு ஆளு இருப்பாங்கள்ல? அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவாங்க, பாவம்."

ஒரு டாலர்

எதிரெதிரே நின்ற இருவரில் ஒருவர் டாலஸ் பக்கத்துப் பல் மருத்துவர். மற்றவர் சன்னிவேலில் வேலை பார்க்கும் இர்ஃபான், மேலப்பாளையத்துப் பையன், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் எழுபத்தெட்டாயிரம் என்றால் இர்ஃபான் எண்பதாயிரத்து ஒன்று. அவர் எண்பத்திரண்டு என்றால் இவர் எண்பத்தைந்தாயிரத்து ஒன்று. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற கை. முழு எண்ணாகப் போட வராது. தொண்ணூறாயிரத்துக்கு மேல் இர்ஃபான் தொண்ணூற்றோராயிரத்து ஒன்று போட்டதும் எதிர்ப்பக்கம் ஓய்ந்தது. இரண்டு நிமிடம் ஓடி முடிந்தது.

போனில் "தொண்ணூத்தோராயிரத்து ஒண்ணு" என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்த சத்தம். அண்ணன் நிதானமாக, "ஒண்ணு வச்சிருக்காப்லன்னா நம்ம ஊர் ஆளுதானுங்க" என்றார்.

மறுநாள் பல் மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். இன்னும் பணம் இருந்ததாம். "அந்தக் கடைசி ஒரு டாலரைப் பார்த்ததும் பயந்துட்டேன். அவன் ஏதோ கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் வச்சுக் கணக்குப் போடறான். அதோட மனுஷன் மோத முடியுமா?"

ஒரு ரவுண்டு

பத்து நாள் கழித்து மூடிய லாரியோடு இர்ஃபான் பேர்லேண்ட் வந்தார். காரை ஒப்படைக்க நானும் போயிருந்தேன். கடைக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று. அக்கா இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும் வைத்துவிட்டு, ஊர் எது, வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். இர்ஃபான் மனைவிக்கு ஏழாம் மாதம். அதைக் கேட்டதும் அக்காவும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆன்ட்டி, நீங்க இதுல போனதே இல்லையாமே. அங்கிள், சாவி இந்தாங்க. ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

"மீட்டர் ஏறும் தம்பி" என்றார் அண்ணன்.

"என் மீட்டர்தானே, ஏறட்டும்."

அக்கா அரிசிப் பையிலிருந்து உறையை எடுத்து இருக்கையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். கார் உறுமிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. ஐந்து நிமிடம் ஆனது. பதினைந்தானது. இர்ஃபான் நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தார். லாரிக்காரர் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாற்பது நிமிடம் கழித்து வந்தார்கள். புதுக் கடை வாசல் வரை போய், அங்கே நிறுத்தி, பார்த்துவிட்டு, திரும்பும்போது கோவில் வழியாக வந்திருக்கிறார்கள். மீட்டரில் எண்பத்தெட்டு. அண்ணன் இறங்கவே இல்லை; ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். இர்ஃபான் மீட்டரை எட்டிப் பார்த்து, எச்சில் விழுங்கி, அவரும் சிரித்துவிட்டார்.

அக்கா கதவைப் பிடித்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மெதுவாக எழுந்து வெளியே வந்தார். "இதுக்கா இருபத்திரெண்டு வருஷம் ஏங்குனேன், முதுகே பிடிச்சுக்கிச்சு. தம்பி, குழந்தை பொறந்ததும் உம் பொண்டாட்டிய முதல் வாரமே ஒருக்கா ஏத்தி இறக்கிப் போடு, அப்புறம் ஆயுசுக்கும் கேக்க மாட்டா."

இப்போது ஊர் திரும்பியாயிற்று; திருச்சியில் என் ஸ்கூட்டர் சீட்டுக்கு வந்த பிளாஸ்டிக் உறையை நானும் கழற்றவில்லை. வெயிலில் சுட்டுத் தொலைத்தாலும், கேட்கிறவர்களிடம் முதலீடு என்று சொல்லிவிட்டு மெல்ல எழுந்துகொள்கிறேன்.